நாலாவது மாடிச் சங்கு

சங்கு ஊதியது.

கேன்டீனில் சோறு பிசைந்துகொண்டிருந்த கைகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த நொடி பெஞ்சுகள் பின்னால் சரிந்தன. டிபன் பாக்ஸ்கள் அவசர அவசரமாக மூடப்பட்டன. கை கழுவும் குழாயடியில் தள்ளுமுள்ளு. "அதுக்குள்ளயா அரை மணி நேரம் ஆயிடுச்சு?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் நிற்கவில்லை. மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டையில் சங்கு ஊதினால் முதலில் காலுக்குத்தான் கேட்கும். மூளைக்கு அப்புறம்தான்.

செல்லி மட்டும் எழுந்திருக்கவில்லை. நிதானமாக ஒரு கவளம் ரசம் சோற்றை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏய், எழுந்திருடி! லைன் ஸ்டார்ட் ஆவப் போவுது" என்று ரங்கம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உக்காருக்கா. இது நம்ம சங்கு இல்ல."

"பின்ன யாரு வீட்டுச் சங்கு?"

"நம்ம சங்கு முடியறப்போ கீழ எறங்கும். இது மேல ஏறி முடிஞ்சுது. இது நாலாவது மாடிச் சங்கு."

ரங்கம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர்கள் கம்பெனிக்கு மாடியே கிடையாது. தகரக் கூரைதான். இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு அவளும் ஓடினாள்.

செல்லிக்கு வெயிலெல்லாம் ஏறவில்லை. கேன்டீன் சுவருக்கு அந்தப் பக்கம் காஜா மொய்தீன் பாயின் வீடியோ கேம் கடை. அங்கே யாரோ 'வாளித் தலையன்' ஆடுகிறார்கள். அதுவும் நாலாவது மாடி வரைக்கும் வந்துவிட்டார்கள். தன்னைத் தவிர இந்த ஊரில் இன்னும் அதை விடாமல் ஆட இன்னொரு ஆள் இருக்கிறாரா? ரசத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் உள்ளே இறங்கியது.

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

லைனுக்கு ஓடியவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்று ஐந்து. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பாதிச் சோறு கழுநீர்த் தொட்டியில் கிடக்கிறது. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஏசி அறையிலிருந்து மேனேஜரே வெளியில் வந்துவிட்டார். அப்போதுதான் சூப்பர்வைசர் பாஸ்கரன் கேட் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். பதினாலு வருட சர்வீஸில் ஒரு நிமிடம் தாமதமாக வராத மனிதர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவார். அன்றைக்கு நடை சாத்தியிருந்ததோ என்னவோ, நெற்றியில் குங்குமம் இல்லை. வியர்வைதான் இருந்தது.

"என்ன சத்தம்னு பாருங்க பாஸ்கரன். எங்கேயிருந்து வந்தாலும் சரி, இனிமே அது கேக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார்" என்றார் பாஸ்கரன் தரையைப் பார்த்துக்கொண்டு.

நாலு மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் செல்லி நேரே பாய் கடைக்குப் போனாள்.

கடை என்பது பாய் வீட்டு முன்னறைதான். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் வீடு. இந்தப் பக்கம் நாலு டிவி, நாலு செட்டு. மூன்று டிவிகளில் எப்போதும் குத்துச்சண்டையும் துப்பாக்கியும்தான். நாலாவது டிவி மூலையில் இருந்தது. அதன் வால்யூம் திருகு என்றைக்கோ கழன்று விழுந்துவிட்டது. இடுக்கியால் பிடித்துத் திருப்பினால்தான் சத்தம் குறையும். அந்த மூலை செல்லியுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாட்றாம்பாளையத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், தொண்ணூற்றிரண்டில், மழைக்கு ஒதுங்கிய கடை அது. அன்றைக்கு மூலை டிவியில் ஒரு தவளை குடை பிடித்துக்கொண்டு கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தது. வெளியிலும் மழை, உள்ளேயும் மழை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் குடையைச் சாய்த்தால் தவளை மிதக்கும். செல்லி அன்று ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. குடைத் தவளை ஆறு மாதம் இருந்தது. யாரும் ஆடவில்லை என்று பாய் அதைப் பெங்களூரில் கொடுத்துவிட்டு ஒரு சண்டை கேசட் வாங்கி வந்தார். அப்புறம் ஏணிக்காரன் வந்தான். முதுகில் ஓர் ஏணியைச் சுமந்துகொண்டு, போகிற இடத்திலெல்லாம் சாத்தி ஏறுவான். சாத்திய ஏணியை எடுக்க மறந்தால் அடுத்த பள்ளத்தில் போய் நின்று தலையைச் சொறிவான். அந்தத் தலை சொறிதலுக்காகவே செல்லி வேண்டுமென்று ஏணியை விட்டுவிட்டுப் போவாள். ஏணிக்காரனும் பெங்களூர் போய்ச் சேர்ந்தான்.

மிச்சம் இருந்தது வாளித் தலையன்.

மஞ்சள் கேசட். லேபிள் கிழிந்து போயிருந்தது. பெயர் ஜப்பான் எழுத்தில் வரும், யாருக்கும் படிக்கத் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் வாளித் தலையன். தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, அதிலுள்ள இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு, ஒரு தொழிற்சாலையின் மாடிகளில் ஏறுகிற சின்ன ஆள். கையில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. யாரையும் கொல்ல முடியாது. தாவலாம். வாளியைக் கழற்றிக் கீழே வைத்து அதன்மேல் ஏறி நின்று எட்டாததை எட்டலாம். வாளி தலையில் இல்லாதபோது ஒரு போல்ட் மேலே விழுந்தால் கூட ஆள் காலி. பலகையின் ஓரத்தில் நிறுத்தினால் கட்டைவிரலில் நின்று இரண்டு கைகளையும் சுழற்றித் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தன் எப்படி எழுந்து சண்டை கேம் ஆடப் போகிறான் என்பது செல்லிக்குக் கடைசி வரை புரியவில்லை.

"வாம்மா" என்றார் காஜா மொய்தீன். "உன் வாளிக்காரனுக்கு டிக்கெட் போட்டாச்சு."

"எங்க பாய்?"

"பெங்களூருக்கு. ஞாயித்துக்கெழம போறேன். மாத்திக்கிட்டு வந்துடறேன்."

"ஏன் பாய்? அவன் என்ன பண்ணான்?"

"என்ன பண்ணானா? உங்க சூப்பர்வைசர் வந்துட்டுப் போனாரும்மா. நாலாவது மாடிச் சங்குக்கு உங்க கம்பெனியே சோத்த விட்டுட்டு ஓடிச்சாம். மேனேஜரு கத்தறாராம். பாவம், மனுசன் என் மூஞ்சியப் பாத்துக்கூடச் சொல்லல. செவுத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போறாரு."

"ஊதவிட்டது யாரு? நான் உள்ள சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

"நான் ஜும்மாவுக்குப் போயிருந்தேன். ஏ ஃபகரு! யாரு ஆடினது?"

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஃபகருன்னிசாவின் குரல் வந்தது. "வர்றவங்க பேரெல்லாம் கேட்டுக்கிட்டா உக்காந்திருக்கேன்? வந்தாங்க, ஆடினாங்க, ஓடினாங்க."

பாய் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இவ மேலதாம்மா சந்தேகம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் தொழுதுட்டு வந்து பாத்தா மூல செட்டு அடாப்டர் தோசக்கல்லு கணக்கா கொதிக்குது."

பக்கத்து டிவியில் யாரையோ உதைத்துக்கொண்டிருந்த திம்மராயன் திரும்பிச் சிரித்தான். பிரஸ் ஷாப் ஆள். வாய் அதிகம். "விடுக்கா. அந்தக் கேசட்டே ஃபால்ட்டு. நாலாவது மாடிக்கு மேல ஒண்ணுமே கெடையாது. கதவு தொறக்குது, ஓடறோம், நசுக்கிடுது. நானே பத்து வாட்டி செத்திருக்கேன்."

"கேசட்டு நல்லாத்தான் இருக்குது. ஆடறவன்தான் ஃபால்ட்டு" என்றாள் செல்லி. "நான் மூணு வாட்டி அஞ்சாவது மாடிக்குப் போயிருக்கேன்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"கனவுலயா?"

கடை சிரித்தது. செல்லி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"மொட்ட மாடி அது" என்றாள். "மஞ்சக் கலர் வானம். கொடியில துணி காயும். ரெண்டு சட்ட, ஒரு துண்டு. சத்தமே இருக்காது. அங்க போனதும் அவன் வாளியக் கழட்டிக் கீழ கவுத்து வெச்சு, அதும்மேல உக்காந்துக்குவான். மொதத் தடவையா அப்பத்தான் நம்ம பக்கம் திரும்புவான். மொகம் தெரியும்."

திம்மராயனின் ஆளை எதிராளி உதைத்துத் தள்ளியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"மொகம் எப்படி இருக்கும்?" என்றான்.

"வந்து பாரு. நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வாங்க. உங்க கண்ணு முன்னாடி தாண்டறேன்." பாய் பக்கம் திரும்பினாள். "தாண்டிட்டேன்னா கேசட்டு இங்கதான் இருக்கணும். சத்தத்த இடுக்கி போட்டுக் கொறச்சுக்கலாம். மேனேஜருக்கு என்ன, சத்தம் கேக்கக் கூடாது, அவ்வளவுதான?"

காஜா மொய்தீன் தாடியைத் தடவினார். வியாபாரி. கணக்கு சரியாகத்தான் வந்தது. அஞ்சாவது மாடியை ஊரே பார்த்தால் நாலு பேராவது அதை ஆட வருவார்கள்.

"சரி. ஆனா யாராச்சும் ஒருத்தர் பாத்திருக்கணும். நீ வந்து 'தாண்டிட்டேன் பாய்'னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒருத்தர் எதுக்கு, ஊரே பாக்கும்" என்றாள் செல்லி.

அவளுக்கு அந்த தைரியம் சும்மா வரவில்லை. நாலாவது மாடியின் ரகசியம் அவளுக்குத் தெரியும். அங்கே வாளித் தலையன் ஓடுகிற பெல்ட்டின் மேல் நிற்பான். திடீரென்று சங்கு ஊதும். பெல்ட் நிற்கும். வலது ஓரத்தில் பளபளவென்று ஒரு கதவு திறக்கும். ஆடுகிறவன் எவனாக இருந்தாலும் கதவைப் பார்த்து ஓடுவான். தொழிற்பேட்டைக்காரனுக்கு சங்கு என்றால் கேட். கேட் என்றால் ஓட்டம். கதவு பட்டென்று சாத்தும். வாளி தகடாகிவிடும்.

செல்லி வேலை செய்வது வயர் கட்டுகிற லைனில். அங்கேயும் ஒரு பெல்ட். நீளமாக ஹாரன் அடித்தால் பெல்ட் நிற்கும். அப்போது கை வைக்கக் கூடாது, கால் நகர்த்தக் கூடாது. மூன்று பீப் அடித்த பிறகுதான் அசையலாம். சூப்பர்வைசர் பாஸ்கரன் பட்டனை அமுக்கினால் பீப் வரும். முதல் முறை நாலாவது மாடிக்குப் போனபோது அவள் யோசிக்கவே இல்லை. சங்கு கேட்டதும் கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது. கதவு திறந்தது, மூடியது. பதினைந்து விநாடி கழித்து டிவிக்குள் மூன்று பீப். பெல்ட் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. இடது சுவரில் ஒரு சந்து திறந்து அவனை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. லைனில் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். அவர்கள் கேம் கடைக்கு வருவதில்லை. கடைக்கு வருகிற ஆண்களில் லைனில் நிற்பவர் யாரும் இல்லை. அதனால் ரகசியம் நாலு வருடமாக அவளிடமே பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு சாப்பாட்டு சங்கு. செல்லி டிபனைத் திறக்கவே இல்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் கடை நிரம்பி வாசலிலும் ஆட்கள். பிரஸ் ஷாப் முழுக்க வந்திருந்தது. ரங்கம்மாகூட வந்திருந்தாள், கையில் சோற்றுத் தட்டோடு.

"அம்மா தாயே, நீயாவது நாலாவது மாடி கட்டிக் காட்டு. நம்ம கம்பெனில கக்கூஸுக்கே கூர இல்ல" என்றான் திம்மராயன்.

"வாய மூடிட்டு அந்தப் பக்கம் நில்லு. அடாப்டர் வயர மிதிக்காத."

கடைசியாக ஒருவர் உள்ளே நுழைந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. பாஸ்கரன். யாரிடமும் பேசாமல் பின்சுவர் ஓரமாகப் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சத்தம் கேக்குதான்னு பாக்க வந்திருக்காரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பாய் இடுக்கியை எடுத்து வால்யூமை நன்றாகக் குறைத்தார்.

கேசட்டைச் செருகினால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எடுத்து ஊதினாள். மறுபடி கட்டம். பாய் ஊதினார். திம்மராயன் ஊதினான், "உன் வாய்க்காத்து பட்டா இருக்கறதும் போயிடும்" என்று திட்டு வாங்கினான். சட்டை நுனியால் துடைத்து, ஒரு தீப்பெட்டி அட்டையை முட்டுக் கொடுத்துச் சாய்வாகச் செருகிய பிறகுதான் படம் வந்தது. பத்து நிமிடம் போய்விட்டது.

மணி ஒன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. ஒன்றேகாலுக்கு சங்கு. நாலாவது மாடிக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். போதும்.

முதல் மாடியை அவள் கண்ணை மூடிக்கொண்டே ஏறுவாள். இரண்டாவது மாடியில் எண்ணெய் சிந்திய தரை. அங்கே ஓடக் கூடாது, வழுக்கிக்கொண்டு போக விட வேண்டும். வாளித் தலையன் சறுக்கிக்கொண்டே போய்ச் சரியான இடத்தில் தாவினபோது வாசலில் நின்றவன் கூட விசிலடித்தான். மூன்றாவது மாடியில் மேலிருந்து போல்ட்டுகள் விழுந்தன. செல்லி வாளியைக் கழற்றி வைத்து, ஏறி, கம்பியைப் பிடித்து, காலால் வாளியைக் கொக்கி போட்டு இழுத்துத் தலையில் கவிழ்த்தாள்.

"அப்படிக்கூட எடுக்கலாமா?" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. யாரென்று திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

நாலாவது மாடி.

பெல்ட் ஓடியது. டிவிக்குள் சங்கு மெல்லிசாக ஊதி, மேலே ஏறி முடிந்தது. கதவு பளபளவென்று திறந்தது.

"ஓடுக்கா! ஓடு!" என்று பத்துப் பேர் கத்தினார்கள்.

செல்லி அசையவில்லை. கட்டைவிரல் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று... கதவு படாரென்று மூடியது. "பாத்தியா, பாத்தியா, சாவல!" என்று திம்மராயன் துள்ளினான். ஆறு, ஏழு...

அப்போது வெளியே சங்கு ஊதியது. நிஜச் சங்கு. கீழே இறங்கி முடிகிற சங்கு.

யாரும் யோசிக்கவில்லை. கால்கள் கேட்டன, கால்கள் ஓடின. கடை ஒரே வாசல் வழியாக வெளியே கொட்டியது. வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் வரிசையாகச் சரிய, தினமும் செய்வதுபோல் பாய் அவற்றைத் தாங்கிப் பிடிக்க ஓடினார். ரங்கம்மா தட்டோடு பறந்தாள். செல்லியின் காலும் ஒரு முறை ஸ்டூலை விட்டு எழப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும். மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும். பதிமூன்று, பதினாலு...

பீப். பீப். பீப்.

பெல்ட் பின்னால் ஓடியது. சுவரில் சந்து திறந்தது. வாளித் தலையன் மேலே போனான். மஞ்சள் வானம். கொடியில் இரண்டு சட்டை, ஒரு துண்டு. அவன் வாளியைக் கழற்றிக் கவிழ்த்தான். உட்கார்ந்தான். மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான்.

"ஐயையோ, என் டிபன் பாக்ஸ்!" என்று திம்மராயன் உள்ளே பாய்ந்து வந்தான். மூலையில் இருந்த பாக்ஸை அள்ளினான். திரும்பி ஓடும்போது அவன் செருப்பு வயரில் மாட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. டிவி கறுத்துப் போனது. அவன் அதைக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

சைக்கிள் கிரீஸ் அப்பிய கையோடு காஜா மொய்தீன் உள்ளே வந்தார். இருட்டுத் திரையைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா?"

"தாண்டிட்டேன் பாய். உக்காந்தான். திரும்பினான்."

"யாரு பாத்தது?"

செல்லி சுற்றிலும் பார்த்தாள். ஊரே பார்க்கும் என்று சொல்லியிருந்தாள். ஊர் லைனில் நின்றுகொண்டிருந்தது. காலி ஸ்டூல்கள், ஒற்றைச் செருப்பு, பின்சுவர்.

பின்சுவரில் பாஸ்கரன் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

சங்கு ஊதி மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அவர் பட்டனை அமுக்காமல் லைன் ஓடாது. மேனேஜர் இந்நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்கரன் ஒரு வார்த்தை 'பாக்கல' என்று சொன்னால் போதும்; சத்தமும் ஒழிந்தது, கேசட்டும் ஒழிந்தது. செல்லி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள்.

"சார், நீங்களாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார் பாய்.

பச்சைத் திரைக்குப் பின்னால் ஃபகருன்னிசா களுக்கென்று சிரிப்பது கேட்டது. பாஸ்கரன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து பிளக்கை எடுத்தார். அதை ஒரு முறை துடைத்துச் செல்லியின் கையில் கொடுத்தார்.

"பாத்தேன் பாய், கேசட்ட எங்கயும் அனுப்பாதீங்க, மேனேஜருக்கு நான் சொல்லிக்கறேன், ஏன்னா நேத்து அந்தச் சங்க ஊதவிட்டவனே நான்தான்."